பிரியாரில் ஓர் இரவு: பிரெஞ்சுக் கால்வாய்க்கரை ஊருக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

பாரிசுக்கு வரும் உறவினர்கள் ஈஃபில் கோபுரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் பார்த்து முடித்த மூன்றாம் நாள், "கூட்டமில்லாத இடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் அவர்களை அழைத்துப்போவது பிரியாருக்கு. பாரிசுக்குத் தெற்கே, லுவார் ஆற்றங்கரையில், நேர் ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் சிற்றூர் அது. அங்கே 662 மீட்டர் நீளப் பாலம் ஒன்று கால்வாயைத் தன்மேல் சுமந்துகொண்டு ஆற்றைக் கடக்கிறது. மேலே படகு போகும், கீழே ஆறு ஓடும்.

நான் கூடப் போகாமல் தாங்களாகவே போய்வந்தவர்களும் உண்டு. அவர்களில் பாதிப்பேர் சோர்ந்த முகத்தோடு திரும்பினார்கள். மூடிய கடை, கிடைக்காத சாப்பாடு, தவறிய ரயில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். பெருநகரத்தின் நேரக்கணக்கோடு சிற்றூருக்குப் போனார்கள். அங்கே எதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் பயணத்தின் வெற்றி இருக்கிறது. அதனால் கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கிழமை, பிறகு மாதம்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். பிரெஞ்சுச் சிற்றூர்களில் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் மூடிவிடும். ஞாயிறு இரவும் திங்கள் முழுவதும் பல உணவகங்கள் திறப்பதில்லை. சில இடங்களில் செவ்வாயும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு மாலை போய்த் திங்கள் திரும்பினால், ஊரின் கதவுகளை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். புதன் முதல் சனிக்குள் போய்வருவதே நல்லது. வெள்ளி போய்ச் சனி திரும்புவது என் வழக்கம்.

மே மாதத்தில் தனிக் கவனம் தேவை. மே 1, மே 8 இரண்டும் பொது விடுமுறை. ஏசு விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமையில் வரும். வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுப்பாக்கிக்கொள்வது பிரெஞ்சுக்காரர்களின் பழக்கம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'பாலம்'. அந்த நாட்களில் லுவார் கரையில் அறை கிடைப்பது கடினம். ஜூலை 14, ஆகஸ்ட் 15 விடுமுறைகளை ஒட்டியும் அப்படித்தான்.

ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை கால்வாயில் படகு ஓடும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் பல பகுதிகளை அடைத்துவிடுவார்கள். தண்ணீரை வடித்துவிடுவதும் உண்டு. கால்வாயைப் பார்க்கப் போய்ச் சேற்றைப் பார்த்துவிட்டு வரக்கூடாது. எனக்குப் பிடித்தவை ஜூனும் செப்டம்பரும். ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். ஊர்க்காரர்களே விடுமுறையில் போய்விடும் மாதம் அது.

2. ஓர் இரவு தங்குங்கள்; அறையை ரயிலுக்கு முன்பே பிடியுங்கள்

"இரண்டு மணி நேரம்தானே, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். போய்வர முடியும். ஆனால் பாலத்தைப் பார்க்க உகந்த நேரங்கள் இரண்டு: விளக்கு ஏற்றும் அந்தி, காலை ஏழு மணி. பகல் ரயிலில் போய்வருபவருக்கு இரண்டும் கிடைக்காது. அவர்களுக்குக் கிடைப்பது நிழலே இல்லாத பாலத்தின்மேல் உச்சி வெயில்.

அறையை முதலில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட்டார ரயிலில் இடமில்லை என்று திருப்பி அனுப்புவது அரிது. சிற்றூரில் அறைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓட்டல் வேண்டுமா, 'ஷாம்பர் தோத்' எனப்படும் வீட்டு அறை வேண்டுமா என்று பாருங்கள். வீட்டு அறையில் குடும்பத்தார் தங்கள் வீட்டின் ஓர் அறையைத் தருவார்கள், காலை உணவும் அதில் சேர்த்தி. பேசிப் பழக விரும்புபவர்களுக்கு அதுவே ஏற்றது.

முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்? இரவில் வாசல் பூட்டினால் உள்ளே வர எண் பூட்டா, சாவியா? சைக்கிள் தருவீர்களா? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். ஒருமுறை அந்தியில் பாலத்தில் நின்று நேரம் போனது தெரியாமல் பத்தரைக்குத் திரும்பினோம். வரவேற்பு மேசையில் ஆளில்லை, கதவு பூட்டியிருந்தது. வாசல் எண்ணைக் காலையில் ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் அறைக்குள் இருந்தது. சித்தி குளிரில் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து வாசல் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதை விடுவதில்லை.

அறை வாடகையோடு 'தாக்ஸ் து செழூர்' என்ற தங்கல் வரியும் தலைக்குச் சிறு தொகையாக வரும். அதை மறைமுகக் கட்டணம் என்று நினைத்து வாதாட வேண்டாம். ஊராட்சி வாங்கும் வரி அது.

3. ரயில்: பெர்சிக்குப் போங்கள், கார் து லியோனுக்குப் போகாதீர்கள்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. பிரியாருக்கு நேராகப் போகும் ரயில்கள், அதாவது நெவேர் ஊருக்குச் செல்லும் தடத்தின் ரயில்கள், பாரிசின் பெர்சி நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பெர்சி என்பது கார் து லியோன் என்ற பெரிய ரயில் நிலையத்தின் ஒரு நடைமேடை அன்று. தனிக் கட்டடம், தனி வாசல், இடையில் பத்துப் பதினைந்து நிமிட நடை. மெட்ரோவில் 6 அல்லது 14ஆம் தடத்தில் பெர்சியில் இறங்குங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. கார் து லியோனிலிருந்து புறப்படும் 'ஆர்' (R) தடப் புறநகர் ரயில் மோன்தார்ஜி வரை போகிறது. வழி தேடும்போது ரயில் செயலி சில நேரங்களில் அந்த வழியையும் காட்டும்: மோன்தார்ஜியில் இறங்கி வேறு ரயில். முதல்முறை போகிறவர்கள் மாற்றமில்லாத பெர்சி ரயிலையே எடுங்கள். மோன்தார்ஜியில் இணைப்பு தவறினால் அடுத்த ரயிலுக்கு வெகுநேரம் காத்திருக்க நேரிடும்.

பாரிசில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நவிகோ என்ற போக்குவரத்து அட்டை, பாரிசைச் சுற்றிய இல்-து-பிரான்ஸ் வட்டாரத்தின் எல்லையோடு முடிந்துவிடும். பிரியார் இருப்பது லுவாரே மாவட்டத்தில், அதாவது சாந்த்ர்-வால் து லுவார் வட்டாரத்தில். அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஏறிவிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும். பிரெஞ்சு ரயில் நிறுவனத்தின் எஸ்.என்.சி.எஃப். கனெக்ட் செயலியிலோ நிலைய இயந்திரத்திலோ தனி டிக்கெட் வாங்குங்கள். இந்த வட்டார ரயில்களுக்கு ரெமி என்று பெயர். பலகையில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு ரயிலோ என்று மிரள வேண்டாம்.

புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். நடைமேடை எண்ணைக் கடைசிக் கால்மணி நேரத்தில்தான் அறிவிப்பார்கள். கழிவறை, தண்ணீர், நொறுக்குத்தீனி வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிடலாம்.

திரும்பும் ரயில்களையும் அப்போதே பாருங்கள். கடைசி ரயிலையும் அதற்கு முந்தையதையும் தாளில் எழுதி வையுங்கள். நாளுக்குச் சில ரயில்களே ஓடும் தடம் இது.

4. பையில் வைக்க வேண்டியவை

சுருக்கமாகச் சொல்கிறேன். நடந்து பழகிய காலணி, தொப்பி, கோடையிலும் ஒரு மெல்லிய மழை அங்கி, ஜூலையானாலும் ஆற்றங்கரைக் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர், தண்ணீர்ப் புட்டி. பாஸ்போர்ட்டின் நகல் போதும் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும். வங்கி அட்டை எங்கும் செல்லும். ஆனால் சந்தையிலும் ரொட்டிக் கடையிலும் சில்லறை இருந்தால் வேலை எளிது. இருபது யூரோ நோட்டுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி கைபேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். கால்வாய்க் கரையோரம் மரங்களுக்கு நடுவே சிக்னல் போய்ப்போய் வரும்.

5. மூன்று தண்ணீர்களைப் பிரித்தறியுங்கள்

ஊருக்குள் நுழையும் முன் வரைபடத்தில் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரை மணி நேரம் தவறான கரையில் நடப்பீர்கள்.

பிரியாரில் மூன்று நீர்கள் இருக்கின்றன. முதலாவது லுவார் ஆறு: அகலமானது, மணல் திட்டுகள் நிறைந்தது, கப்பல் போக்குவரத்து இல்லாதது. இரண்டாவது ஊருக்கு நடுவே வீடுகளை ஒட்டி ஓடும் பழைய கால்வாய். 1642இல் முடிந்த பிரியார் கால்வாயின் பழைய முனை அது. இன்று பொழுதுபோக்குப் படகுகள் அங்கே கட்டிக்கிடக்கின்றன. மூன்றாவது புதிய கால்வாய். 1896இல் பாலம் திறந்தபோது வந்தது. இதுதான் ஆற்றின் மேலேறி மறுகரைக்குப் போகிறது.

ஊருக்குள் முதலில் கண்ணில்படுவது பழைய கால்வாய். அழகாகவும் இருப்பதால் எல்லோரும் அதன் கரையோடு நடந்து பாலத்தைத் தேடுவார்கள். அது ஆற்றங்கரையில் போய் முடிந்துவிடும். பாலம் வேண்டுமென்றால் புதிய கால்வாயின் கரையைப் பிடிக்க வேண்டும். 'போன்-கனால்' என்ற வழிகாட்டிப் பலகைகளைப் பின்தொடருங்கள். 'போன்' என்றால் பாலம், 'கனால்' என்றால் கால்வாய்.

இந்த மூன்று நீர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாலம் ஏன் கட்டப்பட்டது என்பதும் புரிந்துவிடும். பாலத்துக்கு முன்பு படகுகள் கால்வாயிலிருந்து ஆற்றுக்குள் இறங்கி, குறுக்கே கடந்து, மறுபக்கக் கால்வாயில் ஏற வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தாலும் ஆபத்து, வற்றினாலும் தடை. ஆற்றைத் தொடாமலேயே கடக்கக் கண்டுபிடித்த வழி இந்தப் பாலம்.

6. இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம்

முற்பகல் பதினொன்றுக்கு முன் சேரும்படி ரயில் எடுங்கள். ஏனென்றால் பன்னிரண்டு மணிக்குக் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். இரண்டு மணி வரை, சிலவேளை இரண்டரை வரை, திறக்காது. சுற்றுலா அலுவலகமும் மதிய இடைவேளைக்கு மூடலாம்.

நிலையத்திலிருந்து ஊரின் நடுப்பகுதிக்கு நடந்தே போய்விடலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: பையைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு, ரொட்டிக் கடைக்குப் போய் மாலைக்கும் சேர்த்து ஏதாவது வாங்கி, பிறகு சுற்றுலா அலுவலகத்தில் மூன்று கேளுங்கள்: அன்று திறந்திருக்கும் உணவகங்கள் எவை, சந்தை எந்த நாள், மொசைக் அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தைவிட அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் சொல் 'பொன்ஜூர்' ஆக இருக்க வேண்டும். இதை வெறும் மரியாதைக் குறிப்பாக எண்ண வேண்டாம். காரியம் நடக்க இதுதான் திறவுகோல். வணக்கம் சொல்லாமல் நேராக "இது எவ்வளவு?" என்று கேட்பது அங்கே, வீட்டுக்குள் வந்தவர் யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போவதைப் போன்றது. என் மாமா ரொட்டிக் கடையில் விரலால் சுட்டிக்காட்டி இரண்டு கேட்டார். கடைக்கார அம்மா அவரைப் பார்த்து நிதானமாக "பொன்ஜூர், முசியே" என்றார், பிறகு காத்திருந்தார். மாமாவுக்கு விளங்கவில்லை. நான் காதில் சொன்னதும் அவர் "பொன்ஜூர், மதாம்" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது, அன்று காலை சுட்டதில் நன்றாக வெந்ததைத் தேர்ந்து எடுத்துக் கொடுத்தார்.

7. சாப்பாடு: மணி, சைவம், தண்ணீர்

மதிய உணவுக்குப் பன்னிரண்டேகாலுக்கு உட்காருங்கள். ஒன்றரைக்குப் பிறகு வந்தால் பல சமையலறைகள் அடுப்பை அணைத்திருக்கும். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்துவிடும். நடுவில் மூன்று மணிக்குப் பசித்தால் காபியும் கேக்கும் கிடைக்கலாம், சமைத்த உணவு கிடைக்காது. ரொட்டிக் கடையில் மாலைக்கும் சேர்த்து வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

செலவைக் குறைக்க மதியத்தைப் பெரிய வேளையாக்கிக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் 'ஃபோர்முல்' அல்லது 'மெனு து ழூர்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேட்டால், அதே அடுப்பின் சமையல் இரவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'வெஜித்தாரியன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஏமாற்றம் வரும். கிஷ் (முட்டை சேர்த்துச் சுட்ட மாவுப் பண்டம்), சாலட், ஆம்லெட் ஆகியவற்றில் 'லார்தோன்' என்ற பன்றி இறைச்சித் துணுக்குகள் சர்வசாதாரணம். அதைச் சமைப்பவர்கள் இறைச்சி உணவாகவே கணக்கில் வைப்பதில்லை. வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம். ஆகவே வாக்கியமாகச் சொல்லுங்கள்: "சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், லார்தோன் இல்லாமல்). பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் கடைசிச் சொல் உதவும். முட்டையும் ஆகாது என்றால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பான தேர்வு சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த சாலட். ஆற்றின் மேற்பக்கம் சான்செர் ஊருக்கு அருகில் இருக்கும் ஷவிஞோல் கிராமத்தின் பாலாடைக்கட்டி இந்தப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். சிறிய வட்டம், உள்ளே பஞ்சுபோல், ஓரம் காரசாரம். கண்டிப்பான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள்.

தண்ணீருக்கு "உய்ன் கராஃப் தோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். "தண்ணீர்" என்று மட்டும் கேட்டால் விலைக்குப் புட்டி வரும்.

8. பாலம்: எப்போது, எந்தப் பக்கம், எப்படி

இதற்காகத்தான் வந்தோம். அவசரப்படாதீர்கள்.

நேரத்தை மாதம்தான் முடிவு செய்யும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். ஆகவே ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பாலத்துக்குப் போங்கள். அக்டோபர் நடுவில் ஏழு மணிக்கே இருட்டும். அப்போது பாலம் முதலில், சாப்பாடு பிறகு. வரிசையை மாற்றினால் இரண்டில் ஒன்று தவறும். உணவகம் உங்களுக்காகக் காத்திருக்காது.

பாலத்தின் முனையில் அலங்காரத் தூண்கள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டியதும் இரு பக்கமும் நடைபாதை, நடுவே ஆறு மீட்டர் அகலத்தில் நீர். இது கரையோடு ஓடும் கால்வாயல்ல, எஃகுத் தொட்டி. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். குனிந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் கால்வாய் நீர், தலையைத் திருப்பினால் வெகு கீழே மணலைச் சுற்றி ஓடும் ஆறு. இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க முதல் சில நிமிடங்கள் கண் தடுமாறும்.

ஆற்றுப் பக்கம் கம்பித் தடுப்பு இருக்கிறது. கால்வாய்ப் பக்கம் திறந்தே இருக்கும். குழந்தைகளை எப்போதும் ஆற்றுப் பக்கமாகக் கையைப் பிடித்து நடத்துங்கள். பார்க்கும்போது மனம் எதிர்மாறாகச் சொல்லும், கீழே ஆறு இருக்கிறதே என்று. அந்தப் பக்கம் தடுப்பு இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை என்பதே கணக்கு. சைக்கிள் வைத்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

போகும்போது ஒரு பக்க நடைபாதை, வரும்போது மறுபக்க நடைபாதை. மறுமுனையில் இருப்பது சேன்-ஃபிர்மேன்-சுர்-லுவார் என்ற கிராமத்தின் எல்லை. பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். மறுகரையில் இறங்கி ஆற்றோரமாகச் சற்று நடந்து அங்கிருந்து பாலத்தைப் பாருங்கள். மேலே நிற்கும்போது தோட்டப் பாதைபோல் தெரிந்தது, கீழிருந்து பார்க்கும்போது கல் தூண்களின்மேல் கிடக்கும், தறையாணிகள் அறைந்த நீண்ட எஃகுப் பெட்டியாகத் தெரியும். பதின்மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட தண்ணீரை அந்தப் பெட்டி தாங்கிக்கொண்டிருக்கிறது. கல்தூண் வேலையைச் செய்தது ஈஃபிலின் நிறுவனம்.

படகு வருகிறதா என்று இரு முனையையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக முடியும். எதிரெதிர் படகுகள் ஒதுங்க இடமில்லை. படகு வந்தால் அதன் வேகத்துக்கே கூட நடக்கலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் ஒருமுறை போங்கள். செப்டம்பரில் ஆற்றிலிருந்து மூடுபனி எழும். விளக்குக் கம்பங்களின் வரிசை மட்டும் வெண்மைக்குள் போய் மறையும். அந்த நேரத்தில் பாலத்தில் உங்களோடு இருப்பது நாயோடு நடக்க வந்த ஓரிருவர் மட்டுமே.

ஒரு கண்டிப்பான வார்த்தை: லுவாருக்குள் இறங்காதீர்கள். கணுக்கால் ஆழம்போல் தெரியும் மணல் திட்டின் ஓரத்தில் காலடி மணல் சரிந்து ஆளை உள்ளே இழுத்துவிடும். நம் ஊர் ஆற்றில் நீந்திப் பழகியவர்கள்தான் அதிகம் துணிகிறார்கள். கால்வாயிலும் குளிக்கக்கூடாது.

9. படகு ஏறும் மதகுத் தொட்டியின் அருகில் அரை மணி நேரம்

கால்வாய் மேடேறும் இடங்களில் 'எக்லூஸ்' இருக்கும். இரு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேலிருந்து நீரை விட்டு நிரப்பினால் படகு தானாக உயரும். முன்கதவைத் திறந்தால் அடுத்த மட்டத்தில் போய்விடும். ஊரிலிருந்து வடக்கே கரைப் பாதையில் நடந்தால் இவற்றைக் காணலாம்.

சும்மா போய் நின்றால் வெறும் தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். படகு வரும் நேரத்தில் நிற்க வேண்டும். காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நல்ல வாய்ப்பு. மதியம் மதகுக்காரருக்கும் சாப்பாட்டு வேளை. படகுகளும் கரையில் கட்டிக்கிடக்கும்.

பெரிய சரக்குப் படகு வந்தால் அது அதிர்ஷ்டம். அந்த அளவுப் படகின் அகலம் 5.05 மீட்டர், தொட்டியின் அகலம் 5.20. பக்கத்துக்கு நான்கு விரல் இடைவெளி. நாற்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளமுள்ள இரும்பை அந்த இடைவெளிக்குள் கல்லில் உரசாமல் நுழைக்கும்போது ஓட்டுபவர் சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்புவார். இப்போது அந்த நீளத்தில் வருபவை பெரும்பாலும் விடுதியாக மாற்றிய படகுகள்.

கயிறு கட்டும் இரும்புக் குமிழிலிருந்து விலகி நில்லுங்கள். தண்ணீர் ஏறும்போது கயிறு விறைத்து இறுகும். உதவுவதாக நினைத்துக் கயிற்றையோ கதவையோ தொடாதீர்கள். கேட்டால் மட்டும் கை கொடுங்கள்.

10. மறுநாள் சைக்கிள்: எந்தப் பக்கம் போவது

இரண்டு வழிகள் இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர்களுக்கு, பாலத்தைக் கடந்து கால்வாயோரமாக ஷாத்தியோன்-சுர்-லுவார் வரை. சமதளம், ஐந்தாறு கிலோமீட்டர். படகுகள் முன்பு ஆற்றுக்குள் இறங்கிய மாந்தெலோ மதகு அங்கே இருக்கிறது. ஐந்தாம் பிரிவில் சொன்ன பழைய கடப்பு வழியின் மறுமுனை அதுதான். பாலத்தைப் பார்த்த மறுநாள் அதைப் பார்த்தால் கதை முழுமையாகும்.

கால் வலுவுள்ளவர்கள் வடக்கே ரோஞ்ஞி-லே-செத்-எக்லூஸ் போகலாம். ஒரு வழிக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். ஏழு மதகுத் தொட்டிகள் படிக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக மலைச்சரிவில் ஏறுகின்றன. 1887 வரை படகுகள் ஏறி இறங்கின. இன்று தண்ணீரில்லாத கல் படிகளாக நிற்கின்றன. இதற்கு முழு நாள் ஒதுக்குங்கள். வழியில் உசுவேர்-சுர்-த்ரெசே கிராமம் வரும், அங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். குழாயில் 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் நீரல்ல.

எதிர்க்காற்று எந்தப் பக்கம் என்று காலையில் பார்த்துவிட்டு, போகும்போது எதிர்த்தும் வரும்போது உடன்பட்டும் இருக்கும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உதவ வேண்டும்.

மழை வந்தால் சைக்கிளை விட்டுவிட்டுச் சேன்-எத்தியேன் தேவாலயத்துக்கும் மொசைக் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். இந்த ஊர் ஆலையில் செய்த சிறு சிறு எனாமல் துண்டுகளால் தேவாலயத்தின் தரையையும் சுவரையும் அலங்கரித்திருக்கிறார்கள். காலடியில் இருப்பதைப் பார்க்காமல் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் நிறைய.

11. படகு வாடகைக்கு எடுப்பதானால்

ஒரு நாள் பயணத்தில் இதைச் சேர்க்காதீர்கள். பிரெஞ்சுக் கால்வாய்களில் வாடகைப் படகு ஓட்டத் தனி உரிமம் தேவையில்லை. வாடகைக்குத் தருபவர் சிறு பயிற்சி கொடுத்து ஒரு தற்காலிகச் சான்றிதழ் தருவார். ஆனால் மணிக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர்தான் வேகம், நடுவில் மதகுகள், மதிய இடைவேளை. குறைந்தது மூன்று நாள் இல்லாவிட்டால் ஒரே தண்ணீரில் முன்னும் பின்னும் போய்வருவதோடு முடியும். படகின்மேல் இருந்து பாலத்தைக் கடக்க ஆசைப்படுபவர்கள், பருவகாலத்தில் துறையிலிருந்து புறப்படும் சுற்றுலாப் படகில் டிக்கெட் எடுப்பது எளிது. புறப்படும் நேரத்தை முதல் நாளே கேட்டு இடம் பிடித்துவிடுங்கள்.

12. திரும்பும் ரயில்

கடைசி ரயிலுக்கு முந்தையதைக் குறிவையுங்கள். கடைசி ரயில் ரத்தானால் அந்த இரவுக்கு வேறு வழி இல்லை. டாக்சி இங்கே தெருவில் காத்திருக்காது. தேவையானால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைக்க வேண்டும்.

புறப்படும் அன்று காலையில் செயலியில் உங்கள் ரயிலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் 'ஓத்தோகார்' என்று காட்டும், அது பேருந்து. நடைமேடையில் நின்றால் அது வராது. நிலையத்தின் முன்வாசலில், சாலைப் பக்கம் நிற்கும், நேரம் ஆனதும் யாருக்கும் காத்திராமல் கிளம்பிவிடும். பத்து நிமிடம் முன்பே வாசலுக்கு வந்து, ஓட்டுநரிடம் பொன்ஜூர் சொல்லி, "பாரிஸ்?" என்று கேட்டு, தலையசைத்தபின் ஏறுங்கள்.